கேட்கப்படாத கரை: தூத்துக்குடித் தாமிர உருக்காலையும் முத்துக்குளித்துறைப் பரதவரின் கடலுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடியில் 1996 முதல் 2018 வரை இயங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை குறித்த எழுத்துகள் பெரும்பாலும் மாசு, மக்கள் போராட்டம், துப்பாக்கிச்சூடு ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. இக்கட்டுரை அவ்வாலையை உலகளாவிய தாமிரச் சுரங்கத் தொழிலின் ஒரு கூறாகவும், முத்துக்குளித்துறைப் பரதவரைக் கடல்மீது மரபுரிமை கொண்ட கரைக்குடியினராகவும் கொண்டு அணுகுகிறது. போர்த்துக்கீசியர் காலம் முதல் ஆங்கிலேயர் காலம் வரை ஆண்ட அரசுகள் தம் வருவாய்க்காகவேனும் எழுத்தில் ஏற்றிருந்த கடலுரிமை, ஆலை தொடர்பான முதன்மைத் தீர்ப்புகள் எதற்கும் அடிப்படையாக அமையவில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கொற்கை, பரதவர், முத்துக்குளிப்பு, தாமிர உருக்காலை, மரபுரிமை, நியம்கிரி, கிராம சபை.

முன்னுரை

தாமிரபரணிக் கழிமுகத்தில் பெருஞ்சுரங்கம் நடத்தத்தக்க தாமிரப் படிவு இல்லை. ஆயினும் அந்நிலப்பகுதி செம்பையும் வெண்கலத்தையும் மிகத் தொன்மையான காலத்திலேயே அறிந்திருந்தது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் வெண்கலக் கலன்கள் கணிசமானவை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்செலவு’ (பெரிப்ளுஸ்) மேலைக்கரைத் துறைமுகங்களில் வந்திறங்கிய சரக்குகளுள் செம்பைக் குறிப்பிடுகிறது. அந்நூலே கொற்கையைப் பாண்டியர்க்குரிய முத்துக்குளிப்பிடமாகவும் காட்டுகிறது. அங்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்தெடுக்கப் பயன்படுத்தப்பட்டனர் என்னும் அதன் குறிப்பு, முத்தின் பெருமை பேசும் எழுத்துகளில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. இக்கரையின் வளம் பற்றி வெளியார் எழுதிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, வளத்தோடு வன்முறையையும் சேர்த்தே பதிவுசெய்துள்ளது.

ஆற்று வண்டல் படியக் கடல் பின்வாங்கியது. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. துறைமுகப் பணி காயலுக்கும் பின்னர்ப் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. ராபர்ட் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் கொற்கையையும் காயலையும் ஆராய்ந்தபோதே அவ்விரண்டும் கடலை இழந்திருந்தன. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அத்துறைமுகத்தில் செம்பு மீண்டும் வந்திறங்கியது. இம்முறை அது உலோகமாக வரவில்லை. வேற்று நாட்டுச் சுரங்கங்களில் பொடியாக்கிச் செறிவூட்டிய தாதுவாக வந்தது.

சுரங்கத்தின் மறுபாதி

தாமிரச் சுரங்கத்தின் தீங்கு சுரங்கம் உள்ள ஊரோடு முடிவதாகக் கருதுவது வழக்கம். தாதுவின் வேதியியல் அவ்வாறு கருத இடந்தருவதில்லை. சுரங்க வாயிலில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே தாமிரம் கொண்ட பாறை அரைக்கப்பட்டு, நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை தாமிரம் உள்ள செறிவுத் தாதுவாக்கப்படுகிறது. எஞ்சிய பெரும்பகுதி கழிவுச்சேறாகச் சுரங்கத்தின் அருகிலேயே தங்கிவிடுகிறது. கப்பலேறும் செறிவுத் தாதுவிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு தாமிரமன்று; இரும்பும் கந்தகமும் சிலிக்காவும், சிறிதளவு ஆர்சனிக் போன்ற நச்சுத் தனிமங்களுமே. இவை உருக்காலை உள்ள ஊரில்தான் பிரிக்கப்படுகின்றன. ஒரு டன் தாமிரம் பெற மூன்று டன்னுக்கு மேற்பட்ட செறிவுத் தாது தேவை. அதிலுள்ள கந்தகம் ஏறத்தாழ ஒரு டன். அதனை எரித்தால் இரண்டு டன் கந்தக டை ஆக்சைடும், அவ்வளியை முழுமையாகப் பிடித்து மாற்றினால் மூன்று டன் கந்தக அமிலமும் உண்டாகும். இரும்பு, மணற்சத்தோடு கூடிக் கசடாக வெளியேறுகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிர உற்பத்தித் திறன் பெற்றிருந்த தூத்துக்குடி ஆலை, இக்கணக்கின்படி அதைப்போல் மூன்று மடங்கு அமிலத்தைக் கையாள வேண்டியிருந்தது. பிடிபடாத சிறு விழுக்காடும் அத்தகைய அளவில் பெருந்தொகையே. ஆகவே, உருக்காலை என்பது வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்ட சுரங்கத்தின் மறுபாதி எனக் கொள்வதே பொருந்தும்.

அம்முதற்பாதி எங்கிருந்தது என்பதும் இவ்வரலாற்றுக்கு உரியது. ஸ்டெர்லைட் குழுமம் 1999இல் தாஸ்மேனியாவின் மவுண்ட் லயல் சுரங்கத்தைத் தன்வசமாக்கியது. அதன் செறிவுத் தாது தூத்துக்குடிக்கு அனுப்பப்பட்டது. குவீன்ஸ்டவுன் நகரை ஒட்டிய அச்சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. முந்தைய நிறுவனத்தார் காலத்தில், 1994 வரை, ஏறத்தாழ 10 கோடி டன் கழிவுச்சேறு குவீன், கிங் ஆறுகளின் வழியாக மக்குவாரித் துறையில் கலந்தது. தாஸ்மேனியாவின் மேற்குக் கரைத் தொல்குடியினர் 1830களிலேயே ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சனால் திரட்டப்பட்டு ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டனர். சுரங்கம் திறக்கப்பட்டபோது இசைவு கேட்கப்படவேண்டிய மக்களே அந்நிலத்தில் விட்டுவைக்கப்படவில்லை. சாம்பியாவில் நிலைமை வேறு. வேதாந்தா குழுமம் 2004இல் கொங்கோலா தாமிரச் சுரங்க நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியபின், சிங்கோலாப் பகுதிச் சிற்றூர் மக்கள் தம் நீர்நிலைகள் சுரங்கக் கழிவால் கெட்டன என இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். தாய்நிறுவனத்தின் மீது இங்கிலாந்தில் வழக்கு நடத்தலாம் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று தீர்ப்பளித்தது. 2021 சனவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. மவுண்ட் லயலில் கேட்கப்படவேண்டியோர் இல்லை. சிங்கோலாவில் இருந்தும் கேட்கப்படவில்லை. தூத்துக்குடி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

குளிகல் என்னும் அலகு

முத்துக்குளிப்பில் குளிகல் என்பது குளிப்போரைக் கடலடிக்கு இறக்கும் எடைக்கல். வள்ளத்தில் மண்டக்கு எனப்படும் துணையாள் கயிற்றைப் பிடித்திருக்க, குளிப்பவர் கல்லின்மீது காலூன்றிப் பாருக்கு இறங்குவார். காலப்போக்கில் இக்கருவியின் பெயர் உரிமையின் அலகாகவும் மாறியது. இன்னார்க்கு இத்தனை ‘கல்’ என்றால், முத்துக்குளிப்பில் அவர்க்கு அத்தனை பங்கு உண்டு என்று பொருள். மதுரை நாயக்கரும் சேதுபதியும் தமக்குரிய கற்களைக் கோரினர். பரதவரின் சாதித்தலைவர்க்கும் பட்டங்கட்டிகளுக்கும் மானியக் கற்கள் இருந்தன. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் கடலோடிகளுக்கும் இத்தொழிலில் நெடுங்காலப் பங்கு இருந்தது. கடலடியிலுள்ள பார்கள் யாருக்கும் நிலம்போல் பட்டா செய்யப்படவில்லை; ஆயினும் அவற்றில் யார், எவ்வளவு இறங்கலாம் என்பது எழுதப்பட்டிருந்தது.

1535 முதல் 1537 வரை பரதவர் கத்தோலிக்கம் தழுவியதற்குப் பின்னணியில் முத்துக்குளிப்பு உரிமை குறித்த பூசலே இருந்தது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான துறைகள் போர்த்துக்கீசியப் பாதுகாப்பின்கீழ் வந்திருந்தன. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். சமயத்தால் அவர்கள் பரதவர்க்கு எதிர்நிலையினர். ஆயினும் சாதித்தலைவரின் துணையின்றிக் குளிப்பை நடத்த அவர்களால் இயலவில்லை. ஆங்கிலேயர் 1825இல் ஊரை நிலையாகப் பெற்றபின்பும் சாதித்தலைவரின் மானியக் கல் தொடர்ந்தது. எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோரின் மீன்வள அறிக்கைகளும், 1952இல் வெளிவந்த எஸ். அருணாசலத்தின் தமிழகக் கடற்கரை முத்துக்குளிப்பு வரலாறும் இத்தொடர்ச்சியை விரிவாகத் தருகின்றன.

இவ்வேற்பை அரசுகளின் அறவுணர்வாக வாசித்தல் பிழையாகும். பார் எங்குள்ளது, சிப்பி எப்போது முதிரும், எந்தக் காற்றில் இறங்கலாம் என்னும் அறிவு கரைமக்களிடமே இருந்தது. அவர்களின்றி வருவாய் இல்லை. மானியக் கல் தலைமைக்குச் சென்றதேயன்றி இறங்கிக் குளித்தவரின் வாழ்வு கடனிலும் இடரிலுமே கழிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், சுரண்டும் நோக்கம் கொண்ட நான்கு ஆட்சிகள் ஏற்ற ஒன்றைக் குடியரசின் சட்டம் எங்கே வைத்தது என்னும் கேள்வி எஞ்சுகிறது. 1961இல் நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடிக் கரையில் இறுதியானது. அதன்பின் குளிகல் வழக்கொழிந்தது. அதனோடு, அக்கல் குறித்து நின்ற உரிமையும் ஆவணங்களிலிருந்து மறைந்தது. சங்குக் குளிப்பும் மீன்பிடிப்பும் தொடர்ந்தபோதும் அவை உரிமையாகக் கருதப்படவில்லை. உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலாகவே கருதப்பட்டன. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் படகுகளையும் தொலைவுகளையும் ஒழுங்குபடுத்தியது. கடல் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குள் அது நுழையவில்லை.

25 கிலோமீட்டரும் 25 மீட்டரும்

ஆலை முதலில் மகாராட்டிரத்தின் இரத்தினகிரிக்கே உரியதாயிருந்தது. 1992இல் அங்கு 500 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது; மாம்பழ உழவரும் மீனவரும் எதிர்த்தெழ, 1993இல் பணி நின்றது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அதற்கு இடம் கிடைத்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1994 ஆகஸ்ட் 1 அன்று தடையின்மைச் சான்று வழங்கியது. 1994 அக்டோபர் 30 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார். நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இசைவு 1995 சனவரி 16 அன்றுதான் வந்தது. அடிக்கல் இசைவை முந்திக்கொண்டது.

வாரியத்தின் சான்று இரு நிபந்தனைகளை விதித்திருந்தது. ஆலை மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலப் பசுமை வளையம் அமைத்தல் வேண்டும். பசுமை வளையம் நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தொலைவு பற்றிய நிபந்தனையோ ஏட்டளவில் நின்றது. ஆலை எழுந்த மீளவிட்டானிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கு தீவுகள் உள்ளன. இவை 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் அடங்குவன. 1996இல் தொடங்கிப் பின் பல ஆண்டுகள் நீண்ட வழக்குகளில் இத்தொலைவே முதன்மை வாதமாயிற்று. வைகோ நேரில் வாதாடியதும் இவ்வழக்குகளில்தான்.

அளவுகோல் தீவுகளிலிருந்து தொடங்குகிறது என்பது கருதத்தக்கது. பவளமும் கடற்பசுவும் 25 கிலோமீட்டர் பாதுகாப்புக்கு உரியவையாயின. திரேஸ்புரமும் பிற மீனவர் குடியிருப்புகளும் அக்கணக்கில் வரவில்லை. தேசியப் பூங்கா ஆலைக்கு எதிரான வாதத்துக்குத் துணைநின்றது உண்மையே. அதே பூங்கா அத்தீவுகளில் காலங்காலமாக இறங்கித் தங்கிய மீனவரை வெளியேற்றியதும் உண்மையே. இயற்கையைக் காக்க எழுந்த சட்டமும் தொழிலை வளர்க்க எழுந்த கொள்கையும் கரைமக்களை இல்லாதவராகக் கொள்வதில் உடன்பட்டன.

அவர்களோ தம் இருப்பைக் கடலில் காட்டினர். 1996இல் மீனவர் தம் படகுகளால் துறைமுகத்தை மறித்து, தாது ஏற்றிவந்த கப்பலைத் தடுத்தனர். இந்நிகழ்வு சுற்றுச்சூழல் போராட்டத்தின் தொடக்கமாகவே இதுவரை எழுதப்பட்டுவருகிறது. மரபுரிமையின் நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு: எவரை எக்கடலுக்குள் விடுவது என்பதில் தமக்கும் சொல் உண்டு எனக் கரைமக்கள் நடைமுறையில் நிறுவ முயன்ற செயல் அது. சட்டம் அதனைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கண்டது.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். முத்துப் பார்கள் வறண்டதற்கு இவ்வாலை காரணமன்று. இறுதி முத்துக்குளிப்புக்கும் ஆலைத் தொடக்கத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் உள்ளன. விலாங்குசல்லித் தீவு நீரில் அமிழ்ந்ததற்குப் பவளப்பாறை வெட்டியெடுத்தலே முதன்மைக் காரணம். அத்தொழிலில் கரையோரத்தாரும் கூலிக்கு ஈடுபட்டனர். சாகுபுரத்தின் வேதிப்பொருள் ஆலை, ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவை உருக்காலைக்கு முன்பே இக்கரையில் எழுந்தவை. மாசுக்குத் தான் மட்டும் பொறுப்பன்று என நிறுவனம் வாதிட்டதற்கு இப்பின்னணி இடமளித்தது. மாசை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட வழக்கு எப்போதும் இவ்விடத்தில் வந்து முட்டும்; எந்த நஞ்சு யாருடையது எனப் பிரித்துக்காட்டும் சுமை மக்கள்மீது விழும். உரிமையை அடிப்படையாகக் கொண்ட வழக்கில் அச்சுமை எழாது. தம் வாழ்விடத்தைப் பாதிக்கும் தொழிலுக்குத் தம்மிடம் இசைவு கேட்கப்பட்டதா என்பதே அங்கு வினாவாகும்.

2013 ஏப்ரல்

சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பர் 28 அன்று ஆலையை மூட ஆணையிட்டது. சில நாள்களிலேயே அவ்வாணையை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரல் 2 அன்று அதனை நீக்கித் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எச்.எல். கோகலே அடங்கிய அமர்வு, நான்கு தீவுகள் 25 கிலோமீட்டருக்குள் இருப்பதை ஏற்றது; ஆயினும் மூடுவதற்கு அது போதாது என்றது. 1995இல் இசைவு வழங்கியபோது பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமாக இல்லை என்பதால், கேளாமை குறையாகாது எனவும் கருதியது. அதே வேளையில், ஆலை மாசு விளைவித்ததையும், முறையான இசைவின்றிச் சில காலம் இயங்கியதையும் கண்டு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

அத்தொகை கணக்கிடப்பட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது நிறுவனத்தின் ஆண்டு இலாபம்; அச்சுறுத்தும் அளவுக்குத் தொகை இருக்கவேண்டும் என்பதே கருத்து. மக்கள் இழந்தது எவ்வளவு என்னும் கணக்கு அதில் இல்லை. பணம் மாவட்ட ஆட்சியரிடம் வைப்பாக்கப்பட்டு, அதன் வட்டி ஆலைச் சூழலின் நீரையும் மண்ணையும் மேம்படுத்தச் செலவிடப்படவேண்டும் என்பது ஆணை. நீருக்கும் மண்ணுக்கும் இழப்பு நேர்ந்ததாகச் சட்டம் கண்டது. அவற்றால் வாழ்ந்த சமூகம் இழப்பீட்டின் தரப்பாகக் கருதப்படவில்லை.

பதினாறு நாள்களுக்குப் பின், 2013 ஏப்ரல் 18 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு ஒடிசாவின் நியம்கிரி மலை வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் அதே குழுமத்தோடு தொடர்புடைய வழக்குதான். லாஞ்சிகர் அலுமினா ஆலைக்காக அம்மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் அது. மலையைத் தெய்வமாகப் போற்றும் டோங்ரியா கோந்த் மக்களின் சமய, பண்பாட்டு, சமூக உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவுசெய்யவேண்டும் எனத் தீர்ப்பு கூறியது. அவ்வாண்டு சூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. சுரங்கம் வரவில்லை.

ஒரே மாதம், ஒரே நீதிமன்றம், ஒரே குழுமம். மலைமக்கள் கேட்கப்பட்டனர், கரைமக்கள் கேட்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை நீதிபதிகளின் மனப்போக்கால் விளக்க முயல்வது எளிது, ஆனால் போதாது. நியம்கிரித் தீர்ப்பு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்மீது நின்றது. தூத்துக்குடித் தீர்ப்புக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. காற்றுச் சட்டம், நீர்ச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றும் மாசை அளப்பவை; வாழ்வோரின் மரபை அளப்பவை அல்ல. வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு வனவாழ்நர்க்கு நீர்நிலைகளிலுள்ள மீன் முதலிய பொருள்கள்மீது சமூக உரிமை வழங்குகிறது. காட்டுக் குளத்து மீனுக்கு உரிமையைப் பேசும் சட்டம் உள்ள நாட்டில், கடல் மீனையும் சங்கையுமே வாழ்வாகக் கொண்டவர்க்கு இணையான சட்டம் இல்லை.

தொல்குடி என்னும் வகை

பரதவர் பட்டியல் பழங்குடியினர் அல்லர். தமிழ்நாட்டு மீனவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டும் ஏற்கப்படவில்லை. தனிமை, பின்தங்கிய நிலை போன்ற நிருவாக அளவுகோல்களால் நோக்கினால், போப்பாண்டவரோடும் கோவாவோடும் கொழும்போடும் நூற்றாண்டுகளாகத் தொடர்பு கொண்ட ஒரு சமூகம் அவ்வகைக்குள் அடங்காது. ஆனால், 2007இல் இந்தியாவும் ஆதரவாக வாக்களித்த ஐக்கிய நாடுகளின் தொல்குடி மக்கள் உரிமை அறிக்கை, மரபாகப் பயன்படுத்திவரும் நிலத்தோடு நீரையும் கரைக்கடலையும் சேர்த்தே பேசுகிறது. அதன்படி நோக்கின், வினா பட்டியல் பற்றியதாக இராது. நீண்ட தொடர்ச்சியுள்ள ஒரு கடலுறவு பற்றியதாகவே இருக்கும். மதுரைக்காஞ்சி முதலான சங்க நூல்கள் கொற்கையையும் பரதவரையும் முத்தையும் சேர்த்துக் காட்டுவது அத்தொடர்ச்சிக்குச் சான்றாகும். இன்றைய ஒரு சாதியே அன்றைய பரதவர் எனச் சமன்படுத்துவதில் வரலாற்றாசிரியர்க்குத் தயக்கம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். குளிகல் உரிமையோ சங்கப் பாடல்களை நம்பி நிற்பதன்று. பிற்கால ஆவணங்களே அதற்குப் போதும்.

2018ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் பரதவர் போராட்டம் எனச் சுருக்குதலும் தவறு. ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரி 12 அன்று போராட்டத்தைத் தொடங்கியது குமாரரெட்டியாபுரம் என்னும் உழவர் சிற்றூர். வணிகரும் மாணவரும் பெண்களும் மீனவரும் அதில் இணைந்தனர். நிலத்தடி நீரை இழந்த உழவரும் கரையை நம்பிய மீனவரும் ஒரே ஊர்வலத்தில் வந்தது, சாதியும் சமயமும் ஆழமாகப் பிரித்திருந்த அம்மாவட்டத்தில் புதிது. ஆலைத் தொழிலாளரும் சரக்குந்து உரிமையாளரும் மறுபக்கம் நின்றனர் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

நூறாம் நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. அன்றும் அடுத்த நாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தனர். திரேஸ்புரம் மீனவர் குடியிருப்பிலும் உயிரிழப்பு நேர்ந்தது. மே 23 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆலை விரிவாக்கத்துக்குத் தடைவிதித்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின்பே இசைவு குறித்து முடிவெடுக்கவேண்டும் என்றது. மக்களைக் கேட்கவேண்டும் என இவ்வாலை வரலாற்றில் நீதிமன்றம் வலியுறுத்திய அந்நாள், துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள்.

மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஆலையை நிலையாக மூட ஆணையிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனை 2018 டிசம்பரில் நீக்கியது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையை நீக்கியது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 18 அன்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வின் விரிவான தீர்ப்பால் மூடலை உறுதிசெய்தது. உப்பாற்றங்கரையில் கொட்டப்பட்ட தாமிரக் கசடும், அது நீரோட்டத்துக்கு விளைத்த தடையும் அத்தீர்ப்பின் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அப்பகுதியில் குடியிருப்போரின் உடல்நலமும் நல்வாழ்வும் முதன்மையானவை என்பது அதன் நிலைப்பாடு. முப்பது ஆண்டு வழக்கின் முடிவில் கரைமக்களுக்குக் கிடைத்த சட்டப் பெயர் ‘குடியிருப்போர்’ என்பதே. அப்பெயர் மீளவிட்டானின் காற்றையும் கிணற்றையும் உள்ளடக்கும். வான்தீவுக்கு அப்பாலுள்ள பார்களை எட்டாது.